வை-ஃபை வரவில்லை என்றால் லேப்டாப் கெட்டுவிட்டது என்று பொருளல்ல

 

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில், வசதியுள்ள சகோதரர்கள் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த பழைய லேப்டாப்புகளைச் சீர்செய்து, அவற்றில் லினக்ஸ் மிண்ட் என்னும் இயங்குதளத்தை நிறுவி, நம் மஹல்லாவின் பதினொரு மாணவ மாணவியருக்கு வழங்கினோம். அல்ஹம்துலில்லாஹ், அதில் ஏழு பேர் இன்றுவரை நன்றாகப் பயன்படுத்தி வருகிறார்கள். நான்கு லேப்டாப்புகள் ஒரே குறையோடு நம் அலுவலகத்துக்குத் திரும்பி வந்தன: "வை-ஃபை வரவில்லை."

அவற்றில் ஒன்றைக் கொண்டுவந்த தாயார் சொன்னது இன்னும் நம் காதில் இருக்கிறது. "காக்கா, கொறை சொல்றதா நெனைக்காதீங்க. சும்மா கொடுத்த பொருள்தானே, அதான் கேக்க வெக்கமா இருந்துச்சு. ரெண்டு மாசமா மூடியே வச்சிருந்தோம்." அந்த இரண்டு மாதத்துக்குள்தான் அவருடைய மகளுக்குப் பொறியியல் கலந்தாய்வு வந்துபோனது. கல்லூரி எண்களையும் பாடப்பிரிவுக் குறியீடுகளையும் வரிசைப்படுத்த வேண்டிய விருப்பப் பட்டியலை, அந்தப் பிள்ளை கைபேசியின் சின்னத் திரையில் தனியாக உட்கார்ந்து நிரப்பியிருக்கிறது. தான் முதலில் வைக்க நினைத்த பாடப்பிரிவு பட்டியலில் விடுபட்டுப்போனதை நேரம் கடந்த பிறகுதான் கவனித்திருக்கிறது. இன்று வேறொரு பாடம் படிக்கிறது. அல்லாஹ் அதிலேயே அவளுக்கு பரக்கத் செய்வானாக.

அந்த லேப்டாப்பைத் திறந்து பார்த்தோம். சரிசெய்ய ஆன நேரம் இருபது நிமிடம்.

தவறு எங்கே நடந்தது என்று யோசித்தபோது, அது நம்மிடம்தான் இருந்தது. லினக்ஸை நிறுவும்போது அலுவலகத்தில் நெட்வொர்க் கேபிளைச் செருகியே வேலை பார்த்தோம். இணையம் வந்தது, எல்லாம் சரி என்று பெட்டியை மூடிவிட்டோம். கேபிளைக் கழற்றிவிட்டு வை-ஃபை வருகிறதா என்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லை. பெறுபவரின் வீட்டில் கேபிள் ஏது? அமானிதங்களை உரியவரிடம் முறையாக ஒப்படைக்கும்படி திருக்குர்ஆன் நமக்குக் கட்டளையிடுகிறது. ஒப்படைப்பது என்றால் கையில் கொடுப்பது மட்டுமல்ல, பயன்படும் நிலையில் கொடுப்பது என்பதை இந்த நிகழ்வு நமக்குக் கற்றுக்கொடுத்தது.

இனி இப்படி நேராதிருக்க, வீட்டில் ஒருவராவது இந்த விஷயத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தப் பாடம். கணினி படித்தவர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணாமல், பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு தாய்மார்களும் வாசிக்க வேண்டுகிறோம்.

லினக்ஸ் என்றால் என்ன?

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். விண்டோஸ் அப்படி ஒன்று. அது விலைக்கு விற்கப்படுவது. லினக்ஸ் மற்றொன்று. ஃபின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் அதைத் தொடங்கினார். அதை யாரும் பயன்படுத்தலாம், நகலெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றியமைக்கலாம் என்று அதன் உரிமமே அனுமதி தருகிறது.

நம் ஊருக்கு இது புதிதுமல்ல. 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த கணினிகளில், விண்டோஸுக்குப் பக்கத்திலேயே 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. அதை உருவாக்கியது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம். நம்மில் பலர் அதைத் திறந்து பார்க்காமலே விட்டுவிட்டோம்.

இப்போது லினக்ஸின் தேவை கூடியிருக்கிறது. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. பழைய லேப்டாப்புகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்ளாது. நல்ல நிலையில் உள்ள அந்தக் கணினிகள் பழைய இரும்புக் கடைக்குப் போகாமல் ஒரு மாணவரின் மேசைக்குப் போக லினக்ஸ் வழி செய்கிறது.

கார்டும் டிரைவரும்

லேப்டாப்பின் உள்ளே, விரல் அளவில் ஒரு சிறிய அட்டை இருக்கும். அதுதான் வயர்லெஸ் கார்டு. வை-ஃபை அலைகளை வாங்கி அனுப்புவது அதன் வேலை. அந்த அட்டையின் மேலுள்ள முக்கியப் பகுதிக்கு சிப் என்று பெயர்.

இயங்குதளமும் இந்தச் சிப்பும் நேரடியாகப் பேசிக்கொள்ள முடியாது. சவூதிக்கு முதல்முறை வேலைக்குப் போனவருக்கும் அங்குள்ள முதலாளிக்கும் நடுவே இரு மொழியும் தெரிந்த ஒருவர் தேவைப்படுவதைப் போல, இங்கேயும் ஒருவர் தேவை. அந்த நடுவர்தான் டிரைவர் என்னும் மென்பொருள். சில சிப்களுக்கு இன்னொன்றும் வேண்டும்: கணினி தொடங்கும் ஒவ்வொரு முறையும் சிப்புக்குள் ஏற்றப்படும் ஒரு சிறு கோப்பு. அதை ஃபர்ம்வேர் என்பார்கள்.

விண்டோஸுக்கான டிரைவரைச் சிப் நிறுவனங்களே எழுதிக் கொடுத்துவிடும். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் இயங்குதளத்தோடு சேர்ந்தே வந்துவிடுகின்றன. தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆனால், சில நிறுவனங்கள் தங்கள் டிரைவரையோ ஃபர்ம்வேரையோ தனி உரிமத்தின் கீழ் வைத்திருக்கின்றன. அப்படிப்பட்டவற்றை நாம் பிறகு சேர்த்துக்கொள்ள வேண்டும். "லினக்ஸ் போட்டதும் வை-ஃபை போய்விட்டது" என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இதுதான். கார்டு நன்றாகவே இருக்கும். அதன் மொழி தெரிந்தவர் மட்டும் இன்னும் வந்து சேர்ந்திருக்கமாட்டார்.

ஆகவே நாம் வலியுறுத்துவது ஒன்றே: காரணம் தெரியாமல் செலவு செய்யாதீர்கள். நாடி பார்க்காமல் மருந்து கொடுப்பதில்லை அல்லவா? கீழ்க்காணும் வரிசையில் பாருங்கள். வரிசையை மாற்ற வேண்டாம். எளிதானது முதலில் வரும்படி அமைத்திருக்கிறோம்.

முதல் படி: அணைந்திருக்கிறதா?

பல லேப்டாப்புகளில் மேல்வரிசைச் சாவிகளில் ஒன்றின் மீது ஆன்டெனா படமோ விமானப் படமோ இருக்கும். கீழே இடது ஓரத்தில் உள்ள 'எஃப்.என்.' சாவியோடு அதையும் சேர்த்து அழுத்தினால் வை-ஃபை அணையும். மீண்டும் அழுத்தினால் வரும். சில பழைய லேப்டாப்புகளில் பக்கவாட்டில் ஒரு சிறு தள்ளு பொத்தான் இருக்கும். பையில் வைத்து எடுக்கும்போது அது தானாகவே நகர்ந்துவிடும்.

திரும்பி வந்த நான்கில் ஒன்றின் நோய் இதுதான். வீட்டுக் குழந்தை விமானப் படச் சாவியை அழுத்தியிருக்கிறது.

இதை உறுதிப்படுத்த ஒரு வழி உண்டு. கன்ட்ரோல், ஆல்ட் ஆகிய இரண்டு சாவிகளோடு 'டி' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். டெர்மினல் என்ற கறுப்புத் திரை திறக்கும். அதில் ஆர், எஃப் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளையும் அவற்றோடு ஒட்டி 'கில்' என்ற சொல்லையும் சிறிய எழுத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு 'லிஸ்ட்' என்று தட்டி என்டர் கொடுங்கள். வயர்லெஸ் என்ற பெயருக்குக் கீழே இரண்டு வரிகள் வரும். 'சாஃப்ட் பிளாக்டு' என்பதற்கு நேராக 'யெஸ்' என்றிருந்தால் மென்பொருள் வழியாக அணைந்திருக்கிறது. வலது கீழ் மூலையில் உள்ள நெட்வொர்க் படத்தைச் சொடுக்கி வை-ஃபையை இயக்கினால் போதும். 'ஹார்டு பிளாக்டு' என்பதற்கு நேராக 'யெஸ்' என்றிருந்தால் பொத்தானையோ சாவியையோ தேட வேண்டும்.

இரண்டாம் படி: சிப்பின் பெயர் என்ன?

மெனுவைத் திறந்து, தேடும் இடத்தில் 'சிஸ்டம்' என்று தட்டுங்கள். 'சிஸ்டம் ரிப்போர்ட்ஸ்' அல்லது 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்ற பெயரில் ஒன்று வரும். அதைத் திறந்தால் கணினியின் முழு விவரமும் ஒரு பட்டியலாகத் தெரியும். அதில் 'நெட்வொர்க்' என்ற பகுதிக்கு வாருங்கள்.

அங்கே வழக்கமாக இரண்டு பொருள்கள் இருக்கும். 'ஈதர்நெட்' என்று குறிப்பிட்டிருப்பது கேபிளுக்கு உரியது, அதை விட்டுவிடுங்கள். 'வயர்லெஸ்' அல்லது 'வை-ஃபை' என்று வருவதே நாம் தேடுவது. அந்த வரியில் நிறுவனத்தின் பெயர், சிப்பின் எண், அதைத் தொடர்ந்து 'டிரைவர்' என்ற சொல் ஆகியவற்றைப் பாருங்கள்.

டிரைவர் என்ற சொல்லுக்கு அடுத்து ஒரு பெயர் இருந்தால், நடுவர் வந்துவிட்டார். கோளாறு வேறெங்கோ இருக்கிறது. நேராக ஐந்தாம் படிக்குப் போங்கள். அதற்கு அடுத்து 'என்', சாய்கோடு, 'ஏ' என்றிருந்தால் டிரைவர் இல்லை என்று பொருள். மூன்றாம் படிக்கு வாருங்கள். வயர்லெஸ் என்ற பொருளே பட்டியலில் இல்லையென்றால் கார்டு கழன்றிருக்கலாம், பயாஸ் அமைப்பில் அணைக்கப்பட்டிருக்கலாம், அல்லது உண்மையிலேயே பழுதாகியிருக்கலாம். அப்போது மட்டும் கணினியைத் திறந்து பார்க்கும் வேலை வரும்.

சிப்பின் பெயரையும் எண்ணையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். யாரிடம் உதவி கேட்டாலும் அவர் முதலில் கேட்கப்போவது இதைத்தான்.

பெயரை வைத்து ஓரளவு முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம். இன்டெல் சிப் என்றால் பெரும்பாலும் கவலையில்லை. டிரைவரும் ஃபர்ம்வேரும் லினக்ஸ் மிண்டோடு சேர்ந்தே வரும். ஏதெராஸ் சிப்களும் அப்படியே. அவற்றில் பழைய வகைகளுக்கு ஃபர்ம்வேர்கூடத் தேவைப்படாது. பிராட்காம் சிப் என்றால் டிரைவரைத் தனியாகச் சேர்க்க வேண்டி வரலாம். பழைய லேப்டாப்புகளில் அடிக்கடி காணப்படும் பி.சி.எம். 43142 என்ற எண் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ரியல்டெக் சிப்களில் பல வகை உண்டு. சில உடனே வேலை செய்யும், சிலவற்றுக்குப் புதிய கெர்னல் தேவைப்படும், சிலவற்றில் சிக்னல் பலவீனமாக வரும்.

மூன்றாம் படி: கைபேசியிலிருந்து கேபிள் வழியாக இணையம்

டிரைவரைப் பதிவிறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு டிரைவர் வேண்டும். கிணற்றுக்குள் இருக்கும் வாளியை எடுக்க இன்னொரு வாளி தேடுவது போன்ற இந்தச் சிக்கலில்தான் பலரும் மனம் தளர்ந்து கணினியை மூடிவிடுகிறார்கள். வழி நம் கையிலேயே இருக்கிறது.

ஆண்ட்ராய்டு கைபேசியை யு.எஸ்.பி. கேபிளால் லேப்டாப்போடு இணையுங்கள். கைபேசியின் செட்டிங்ஸில் 'ஹாட்ஸ்பாட்', 'டெதரிங்' என்ற சொற்கள் உள்ள பகுதிக்குப் போய் 'யு.எஸ்.பி. டெதரிங்' என்பதை இயக்குங்கள். சில நொடிகளில் லேப்டாப் தனக்குக் கேபிள் இணைப்பு வந்துவிட்டதாக எண்ணிக்கொண்டு இணையத்தோடு சேர்ந்துவிடும். இதற்கு வை-ஃபை கார்டு தேவையே இல்லை.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். கேபிளைச் செருகுவதற்கு முன் அந்தத் தெரிவு மங்கலாகவே இருக்கும். செருகிய பிறகுதான் அழுத்த முடியும். செருகிய பிறகும் மங்கலாக இருந்தால், அந்தக் கேபிள் சார்ஜ் ஏற்ற மட்டுமே பயன்படும் வகையாக இருக்கலாம். வேறு கேபிளை மாற்றிப் பாருங்கள்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கிவிட்டது, டிரைவர் வேலை பார்க்க நேரமில்லை என்றாலும் இந்த வழி கைகொடுக்கும். விண்ணப்பத்தை இந்த இணைப்பிலேயே பெரிய திரையில் நிரப்பி அனுப்பிவிட்டு, டிரைவரை நாளை பார்த்துக்கொள்ளலாம். இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால் அந்த மாணவி சின்னத் திரையில் சிரமப்பட்டிருக்கமாட்டாள். அதை அன்றே சொல்லிக்கொடுக்காமல் விட்டது எங்கள் குறை.

நான்காம் படி: டிரைவர் மேனேஜர்

இணையம் வந்ததும் மெனுவில் 'டிரைவர் மேனேஜர்' என்பதைத் திறந்து, கடவுச்சொல்லைக் கொடுங்கள். அது கணினியை ஆராய்ந்து, தனி டிரைவர் தேவைப்படும் பொருள்களைப் பட்டியலிடும். வயர்லெஸ் சிப்பின் பெயரும், அதற்கான டிரைவரும், 'ரெக்கமண்டெட்' என்ற குறிப்பும் தெரியும். அதைத் தேர்ந்து 'அப்ளை சேஞ்சஸ்' பொத்தானை அழுத்தி, முடியும்வரை காத்திருந்து, கணினியை மூடித் திறங்கள். உபுண்டு பயன்படுத்துவோர் 'சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்' என்பதில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' என்ற பக்கத்தில் இதையே காணலாம். அந்த மாணவியின் லேப்டாப்பில் இருந்தது மேலே சொன்ன பிராட்காம் சிப். இந்த நான்காம் படியோடு அதன் நோய் தீர்ந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. சில லேப்டாப்புகளில் 'செக்யூர் பூட்' என்ற பாதுகாப்பு அமைப்பு இயங்கிக்கொண்டிருக்கும். அது, அறிமுகமில்லாத டிரைவரை உள்ளே விடாது. அப்படியானால் நிறுவும்போது ஒரு புதிய கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்லும். அதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கணினி மீண்டும் தொடங்கும்போது, நாம் இதுவரை பார்த்திராத ஒரு நீலத் திரை வரும். பயந்துவிட வேண்டாம். அது சில நொடிகளே காத்திருக்கும். உடனே ஏதாவது ஒரு சாவியை அழுத்தி, 'என்ரோல் எம்.ஓ.கே.' என்பதைத் தேர்ந்து, தொடர்ந்து 'கன்டின்யூ', 'யெஸ்' கொடுத்து, எழுதி வைத்த கடவுச்சொல்லைத் தட்ட வேண்டும். இந்தத் திரையைக் கவனிக்காமல் விட்டவர்கள்தான் "டிரைவர் போட்டும் வரவில்லை" என்று வருகிறார்கள்.

ஐந்தாம் படி: டிரைவர் இருந்தும் வை-ஃபை பெயர் தெரியவில்லையா?

மூன்றாவது லேப்டாப்பின் கதை இது. அக்கம்பக்கத்து வை-ஃபை பெயர்களெல்லாம் வரிசையாகத் தெரிந்தன. அந்த வீட்டு வை-ஃபை மட்டும் தெரியவில்லை. காரணம், அலைவரிசை. இப்போதைய ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரு அலைவரிசைகளில் இயங்குகின்றன. பழைய கார்டுகள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே கேட்கும். வீட்டு ரவுட்டரில் 5 மட்டும் இயங்கினால் பழைய லேப்டாப்பைப் பொறுத்தவரை அந்த ரவுட்டர் இல்லாத பொருள்தான். ரவுட்டரில் 2.4ஐயும் இயக்கச் சொன்னோம், வேலை முடிந்தது.

கைபேசி ஹாட்ஸ்பாட்டிலும் இதே தெரிவு உண்டு. 'பேண்ட்' என்ற இடத்தில் 2.4 என்று மாற்றுங்கள். அதற்கு அருகிலேயே 'செக்யூரிட்டி' என்ற இடத்தில் டபிள்யூ.பி.ஏ. 3 மட்டும் என்றிருந்தால் பழைய கார்டு இணைய மறுக்கலாம், டபிள்யூ.பி.ஏ. 2 என்று வையுங்கள். கடவுச்சொல்லே வேண்டாம் என்று திறந்து மட்டும் விடாதீர்கள். வாசலைத் திறந்து போட்டுவிட்டு வெளியூர் போவதற்கு ஒப்பானது அது.

ஆறாம் படி: வேலை செய்துகொண்டிருந்தது, திடீரென நின்றுவிட்டது

லினக்ஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போது அதன் மையப் பகுதியான கெர்னலும் மாறும். தனியாகச் சேர்த்த டிரைவர் அபூர்வமாகச் சில நேரம் புதிய கெர்னலோடு ஒத்துப்போகாது. பழைய கெர்னலும் கணினிக்குள் வழக்கமாக இருக்கும். கணினி தொடங்கும்போது வரும் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' என்பதற்குள் போய் முந்தைய எண்ணைத் தேர்ந்தால் வை-ஃபை திரும்பிவிடும். பட்டியல் தானாக வராவிட்டால், கணினியை இயக்கியவுடன் 'எஸ்கேப்' அல்லது 'ஷிஃப்ட்' சாவியை அழுத்த வேண்டியிருக்கும். பிறகு நிதானமாக அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள்.

எதற்கும் மசியாத கார்டு

நான்காவது லேப்டாப்பின் கார்டு உண்மையிலேயே பழுது. பட்டியலில் அதன் பெயரே வரவில்லை. கழற்றி மாட்டிப் பார்த்தும் பலனில்லை. எல்லாக் கோளாறையும் மென்பொருளால் தீர்த்துவிடலாம் என்று சொல்வதும் பிழைதான். ஆனால், அதற்காகவும் லேப்டாப்பைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யு.எஸ்.பி. வை-ஃபை அடாப்டரைச் செருகினால் போதும்.

வாங்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பெட்டியின் மேலுள்ள மாடல் பெயரை மட்டும் நம்பக்கூடாது. ஒரே மாடலுக்குள் பதிப்பு மாறும்போது உள்ளேயிருக்கும் சிப்பும் மாறிவிடுகிறது. டிபி-லிங்க் நிறுவனத்தின் டபிள்யூ.என். 722 என். என்ற மாடலின் முதல் பதிப்பில் ஏதெராஸ் சிப் இருந்தது. இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் சிப்பாக மாறியது. பெயரும் உருவமும் ஏறக்குறைய ஒன்றே. லினக்ஸில் அவை நடந்துகொள்ளும் விதமோ வேறு. ஆகவே பெட்டியில் 'வெர்ஷன்' எண்ணைப் பாருங்கள். லினக்ஸில் வேலை செய்யாவிட்டால் திருப்பி வாங்கிக்கொள்வீர்களா என்று கடைக்காரரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

சில அடாப்டர்கள் செருகியவுடன் ஒரு சி.டி. போலத் திரையில் தோன்றும். அவற்றுக்குள் விண்டோஸுக்கான மென்பொருள் இருக்கும். அந்தச் சி.டி. படத்தின் மீது வலது சொடுக்கிட்டு 'இஜெக்ட்' கொடுத்தால், பல அடாப்டர்கள் தம் உண்மையான வேலைக்கு மாறிவிடும்.

ஹலாலான வழியும் அண்டை வீட்டார் உரிமையும்

திரும்பி வந்த லேப்டாப்புகளில் ஒன்றை அந்தக் குடும்பத்தார் முதலில் ஒரு கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். சிப்பின் பெயரைக்கூடப் பார்க்காமல், "லினக்ஸில் வை-ஃபை வராது, விண்டோஸ் போட்டுத் தருகிறோம்" என்று ஒரு தொகை கேட்டிருக்கிறார்கள். உரிமம் உண்டா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் யார் பார்க்கிறார்கள்" என்று பதில். அல்லாஹ் பார்க்கிறான் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒருவர் உழைப்பில் உருவானதை அவர் அனுமதியின்றி எடுத்துப் பயன்படுத்துவதிலிருந்து நம் பிள்ளைகள் விலகியிருக்க வேண்டும் என்பதும் லினக்ஸை நாம் தேர்ந்ததற்கு ஒரு காரணம். அதை நகலெடுக்க அனுமதி முன்பே கொடுக்கப்பட்டிருக்கிறது. மனம் உறுத்தாமல் பயன்படுத்தலாம்.

அதேபோல, அடுத்த வீட்டு வை-ஃபையின் கடவுச்சொல் எப்படியோ தெரிந்துவிட்டது என்பதற்காக அதில் சேர்ந்துகொள்வது சரியல்ல. கேட்டுப் பெறுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் படிக்கும் பிள்ளைக்கு என்று கேட்டால் மறுக்கும் அண்டை வீட்டார் குறைவு. வசதியுள்ள வீட்டார் கேட்காமலே கொடுக்க முன்வந்தால் அது இன்னும் சிறப்பு.

இனி நாங்கள் செய்யப்போவது

இன்ஷா அல்லாஹ், இனி டிரஸ்ட் வழங்கும் ஒவ்வொரு லேப்டாப்பிலும் மூன்று ஒழுங்குகளைக் கடைப்பிடிப்போம்.

ஒன்று: நிறுவுவதற்கு முன்பே, லினக்ஸை பென்டிரைவிலிருந்து நேரடியாக இயக்கி, வை-ஃபை வருகிறதா என்று பார்ப்போம். இதற்கு ஹார்டு டிஸ்க்கில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. பழைய லேப்டாப் வாங்க நினைப்பவர்களும் கடையிலேயே இப்படிச் சோதித்துவிட்டு வாங்கலாம்.

இரண்டு: நிறுவி முடித்ததும் கேபிளைக் கழற்றிவிட்டு, கைபேசி ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, கணினியை மூடித் திறந்து, மீண்டும் இணைகிறதா என்று பார்ப்போம்.

மூன்று: லேப்டாப்பின் அடிப்பக்கத்தில் ஒரு சீட்டு ஒட்டுவோம். சிப்பின் பெயர், டிரைவர் தனியாகச் சேர்க்கப்பட்டதா, சோதித்த தேதி, சோதித்தவர் கையொப்பம் ஆகியவை அதில் இருக்கும்.

லேப்டாப் பெற்றவர்களிடம் ஒரு வேண்டுகோள். குறை இருந்தால் மறுநாளே வந்து சொல்லுங்கள். இலவசமாகப் பெற்ற பொருளில் குறை சொல்லலாமா என்று தயங்காதீர்கள். அந்தத் தாயாரின் தயக்கம்தான் எங்களை அதிகமாக வருத்தியது. அந்த லேப்டாப் எங்கள் பணத்தில் வந்ததல்ல. கொடுத்தவர் அல்லாஹ்வுக்காகக் கொடுத்தது. அது உங்கள் பிள்ளைக்குப் பயன்பட்டால்தான் கொடுத்தவரின் நோக்கம் நிறைவேறும். நீங்கள் வந்து சொல்வது எங்கள் அமானிதத்தை நாங்கள் நிறைவேற்ற நீங்கள் செய்யும் உதவி.

வெள்ளி தவிர மற்ற நாள்களில் அஸ்ர் தொழுகைக்குப் பின் மக்ரிப் வரை அலுவலகத்தில் தன்னார்வ இளைஞர்கள் இருப்பார்கள். சகோதரிகளுக்காக ஞாயிறு காலை தனி நேரம் ஒதுக்கியிருக்கிறோம். கணினி படித்த சகோதரிகள் இருவர் அப்போது உதவுவார்கள். லேப்டாப்போடு சார்ஜரையும், கைபேசிக் கேபிளையும், நீங்கள் எழுதிவைத்த சிப்பின் பெயரையும் கொண்டுவாருங்கள். வீட்டில் பயன்படாமல் கிடக்கும் லேப்டாப் உள்ளவர்கள் சார்ஜரோடு சேர்த்துக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் உங்கள் புகைப்படங்களையும் சொந்தக் கோப்புகளையும் நகலெடுத்துக்கொள்ள மறவாதீர்கள். மிச்சத்தை நாங்கள் உங்கள் முன்னிலையிலேயே அழித்துவிடுவோம்.

மனிதன் இறந்த பிறகும் அவனுக்கு நன்மை சேர்த்துக்கொண்டிருப்பவை மூன்று என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அறிவித்தார்கள்: நிலைத்து நிற்கும் தர்மம், பிறர் பயன்பெறும் கல்வி, தனக்காக துஆ செய்யும் நல்ல பிள்ளை. ஒரு பழைய லேப்டாப்பைச் சீர்செய்து, பயன்படுத்தவும் கற்றுக்கொடுத்து, அதில் ஒரு பிள்ளை படித்து முன்னேறினால் முதல் இரண்டிலும் நமக்குப் பங்கு கிடைக்கும் என்று ஆதரவு வைக்கிறோம்.

எங்கள் கவனக்குறைவை அல்லாஹ் மன்னிப்பானாக. நம் பிள்ளைகளின் கல்வியில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்